சிட்டிகை உப்பும் ஒரு பிடி வெல்லமும்

மாம்பழக் காலம் முடிந்து முதல் மழை விழ வேண்டியதுதான், எங்கள் தெருவில் ஏதாவது ஒரு வீட்டுக் குழந்தைக்கு வயிறு கெட்டுவிடும். ராத்திரி பத்து மணிக்குக் கதவைத் தட்டி, "அக்கா, அந்தப் பொட்டலம் இருக்கா?" என்று கேட்பார்கள். இருக்கும். எங்கள் வீட்டில் காப்பிப் பொடி தீர்ந்து போகலாம், சமயத்தில் அரிசியே தீர்ந்து போகலாம். உப்பு சர்க்கரைக் கரைசல் பொட்டலம் மட்டும் தீர்ந்து போக நான் விட்டதில்லை. மருந்துக் கடைத் தம்பி என்னைத் தூரத்தில் பார்த்ததுமே, "என்னக்கா, ஓ.ஆர்.எஸ். தானே?" என்று சிரிக்கும்.

சிரிக்கட்டும். அந்தப் பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே என்ன இருக்கிறது? கொஞ்சம் உப்பு, கொஞ்சம் குளூகோஸ், கூட இன்னும் இரண்டு உப்பு வகை. எல்லாம் சேர்ந்து இருபதரை கிராம். ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்தால் தீர்ந்தது வேலை. இதைக் கண்டுபிடிக்கவா இத்தனை டாக்டர்கள், இத்தனை வருஷம் என்றுதான் எனக்கும் முதலில் தோன்றியது.

என் மகள் நர்சிங் மூன்றாம் வருஷம் படிக்கிறாள். கல்லூரியில் இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதித் தரச் சொல்லியிருந்தார்கள். நான் பத்தாவதோடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவள். அதனால் அவள் இங்கிலீஷில் படித்ததையெல்லாம் எனக்குத் தமிழில் சொல்லச் சொன்னேன். நான் கீரை ஆய, அவள் சொல்ல, என் அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்து கேட்க, நாலைந்து சாயங்காலம் இப்படியே போயிற்று. அம்மா வேறு எதையும் அப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை. அதற்குக் காரணம் உண்டு.

எனக்கு முன்னால் அம்மாவுக்கு ஒரு ஆண் குழந்தை பிறந்திருக்கிறது. மணப்பாறைப் பக்கம் ஒரு கிராமத்தில், 1977-ல், பதினோரு மாதக் குழந்தையாக இருக்கும்போது அவன் போய்விட்டான். தாத்தா பெயரைத்தான் வைத்திருந்தார்களாம். ஆனால் மாமனார் பெயரை வாயால் சொல்லக் கூடாது என்று அம்மா அவனைத் "தம்பி" என்றே கூப்பிட்டிருக்கிறாள். இன்றைக்கும் அம்மா "தம்பி இருந்திருந்தா" என்று ஆரம்பித்தால் அது அவன்தான். என்னைவிட மூத்த அண்ணன், எனக்கு எப்போதும் தம்பி.

இரண்டு நாள் பேதி. அவ்வளவுதான். அப்பத்தா, "தண்ணி குடுக்காத, குடுத்தா இன்னும் போகும்" என்று சொல்லிவிட்டார். தாய்ப்பாலும் கூடாது என்றாகிவிட்டது. அம்மாவுக்கோ பால் கட்டிக்கொண்டு வலி தாங்கவில்லை. "சுவத்துல பீச்சி விடு" என்றார்களாம். பக்கத்து ஊரிலிருந்து தொக்கம் எடுக்கிறவரை அழைத்து வந்தார்கள். வசம்பைச் சுட்டு உரைத்துப் பற்றுப் போட்டார்கள். அம்மா இதையெல்லாம் அதிகம் பேசுவதில்லை. ஒன்றே ஒன்றை மட்டும் எப்போதாவது சொல்வாள்: "தண்ணிச் செம்பப் பாத்துப் பாத்து கைய நீட்டுச்சுடி. செம்பக் கொண்டு போயி உள்ள மறைச்சு வெச்சோம்."

அப்பத்தாவை யாரும் தப்பாக நினைத்துவிட வேண்டாம். பேரன் மேல் அவருக்கு உயிர். ஓட்டைப் பானையில் மேலும் மேலும் ஊற்றினால் மேலும் மேலும் ஒழுகத்தானே செய்யும் என்பது அவர் கணக்கு. பார்த்தால் நியாயமாகத்தானே படுகிறது? கிராமத்துப் பாட்டிமார் மட்டும் இல்லை, அந்தக் காலத்தில் பெரிய ஆஸ்பத்திரிகளில்கூட "குடலுக்கு ஓய்வு" என்று சொல்லிப் பேதிக்கு ஆகாரத்தை நிறுத்தி வைக்கும் வழக்கம் இருந்ததாம். 

மகள் பாடத்திலிருந்து அடையாளங்களை வாசித்தாள். கண் குழி விழும், அழுதால் கண்ணீர் வராது, உச்சிக்குழி உள்ளே அமுங்கும், வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் சட்டென்று பழையபடி ஆகாது என்று ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, அம்மா ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினாள். எல்லாம் இருந்ததாம். "நாக்கு கட்டையாட்டம் வறண்டிருந்துச்சு" என்றும் சேர்த்துக்கொண்டாள். அதுவும் அடுத்த வரியில் இருந்தது.

பேதியில் குழந்தையைக் கொல்வது பேதி அல்ல, உடம்பிலிருந்து வெளியேறிப் போகிற நீரும் உப்பும்தான். அதைத் திரும்ப உள்ளே சேர்த்துவிட்டால் குழந்தை பிழைத்துக்கொள்ளும். ஆனால் வெறும் தண்ணீரைக் கொடுத்தால் கெட்டுப்போன குடல் அதைச் சரியாக வாங்கிக்கொள்ளாது. போன உப்பும் அதில் கிடையாது. அதனால்தான் ஊசி குத்தி, பாட்டில் மாட்டி, நரம்பு வழியாக ஏற்றினார்கள். பாட்டிலுக்கும் ஊசிக்கும் டாக்டருக்கும் ஏழை ஊர்கள் எங்கே போகும்?

இதற்கு வழி பிறந்தது டாக்காவில். இப்போது வங்காள தேசத்தின் தலைநகரம். அப்போது கிழக்குப் பாகிஸ்தான். அங்கே வாந்திபேதியை, அதாவது காலராவை, ஆராய்வதற்கென்றே 1960-ல் ஓர் ஆய்வுக்கூடம் ஆரம்பித்தார்கள். அதே 1960-ல், ராபர்ட் கிரேன் என்ற விஞ்ஞானி வேறு ஒன்றைச் சொன்னார்: குடலின் சுவரில் உப்பும் குளூகோசும் தனித்தனியாகப் போவதில்லை, ஒன்றையொன்று கைப்பிடித்துக்கொண்டு ஜோடியாக உள்ளே போகின்றன என்று. அவை போனால் பின்னாலேயே தண்ணீரும் போகும். இந்த வழி மட்டும் கடும் பேதியிலும் அடைபடுவதில்லை. திருவிழாக் கூட்டத்தில் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு பிள்ளை, பிள்ளை கையைப் பிடித்துக்கொண்டு அதன் தங்கை என்று போகிற மாதிரி நான் புரிந்துகொண்டேன். மகள், "அப்படியே வெச்சுக்கம்மா" என்று விட்டுவிட்டாள்.

கல்கத்தாவில் டாக்டர் ஹேமேந்திரநாத் சாட்டர்ஜி என்பவர் இதற்கெல்லாம் முன்னாலேயே, 1953-ல், காலரா நோயாளிகள் 186 பேருக்கு உப்பும் குளூகோசும் கலந்த நீரைக் குடிக்கக் கொடுத்துக் குணப்படுத்தியதாக எழுதியிருக்கிறார். அவருடைய சிகிச்சையில் கற்பூரவள்ளி இலைச் சாறும் இருந்தது! நம் வீட்டுத் தொட்டியில் சளிக்கு வைத்திருக்கிறோமே, அதேதான். ஆனால் வெளி உலகம் அன்றைக்கு அவரைக் கண்டுகொள்ளவில்லை.

டாக்கா ஆய்வுக்கூடத்தில் டேவிட் நாலின், ரிச்சர்டு கேஷ் என்று இரண்டு அமெரிக்க இளம் டாக்டர்கள் வேலைக்கு வந்தார்கள். இருவருக்கும் முப்பது வயதுகூட ஆகவில்லை. சிட்டகாங்கில் நடந்த ஒரு சோதனையில், குடிக்கிற மருந்தை எல்லோருக்கும் ஒரே அளவாகக் கொடுத்தபோது பலிக்கவில்லை. ஏன் என்று இவர்கள் உட்கார்ந்து யோசித்தார்கள். ஒருவருக்கு ஒரு வாளி போகிறது, இன்னொருவருக்கு இரண்டு வாளி போகிறது; இருவருக்கும் ஒரே அளவு கொடுத்தால் எப்படி? போவதற்குச் சமமாக உள்ளே போக வேண்டாமா? இதை ஒரு குடும்பத் தலைவியிடம் கேட்டிருந்தால் உடனே சொல்லியிருப்பாள் என்று எனக்குத் தோன்றிற்று. வரவு செலவு பார்க்கிறவளுக்குத் தெரியாதா?

அங்கே காலராக் கட்டில் என்று ஒன்று உண்டாம். நடுவில் ஓட்டை, அடியில் வாளி. வாளியை அளந்து பார்த்து, எவ்வளவு போயிருக்கிறதோ அவ்வளவு கரைசலைக் குடிக்க வைத்தார்கள். ராப்பகலாக அளந்தார்கள். 1968-ல் முடிவை வெளியிட்டார்கள். நரம்பு வழியாக ஏற்றுவது ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது.

1968. தம்பி போனது 1977. ஒன்பது வருஷ இடைவெளி. மகள் இந்த இரண்டு வருஷத்தையும் பக்கம் பக்கமாக வைத்துச் சொல்லவில்லை. நான்தான் மனசுக்குள் கழித்துப் பார்த்தேன். மருந்து இருந்திருக்கிறது. அதுவும் நம் அடுப்படி அலமாரியில். சொல்லத்தான் ஆள் இல்லை.

அடுத்தது பங்காவ். 1971-ல் வங்காள தேச விடுதலைப் போர் நடந்தபோது ஏறத்தாழ ஒரு கோடிப் பேர் எல்லையைத் தாண்டி நம் நாட்டுக்குள் அகதிகளாக வந்தார்கள். முகாம்களில் காலரா புகுந்துவிட்டது. எல்லையோரத்தில் மேற்கு வங்காளத்தில் இருக்கும் பங்காவ் ஆஸ்பத்திரிக்கு டாக்டர் திலீப் மஹலனோபிஸ் என்பவரை அனுப்பினார்கள். குழந்தை மருத்துவம் படித்தவர். போய்ப் பார்த்தால் இரண்டே அறை. கட்டிலில் இடமில்லாமல் தரை முழுக்க நோயாளிகள். ஊசி குத்துவதற்கே அவர்களுடைய வாந்தியிலும் மலத்திலும் மண்டியிட்டுத்தான் ஆக வேண்டும் என்ற நிலை. இரண்டு நாளில் அவருக்குத் தெரிந்துவிட்டது: பாட்டில்கள் போதாது, ஏற்றத் தெரிந்த ஆட்களும் போதாது, இந்தச் சண்டையில் தோற்றுக்கொண்டிருக்கிறோம் என்று.

டாக்காவிலும் கல்கத்தாவிலும் ஆஸ்பத்திரிக்குள் சோதித்துப் பார்த்த கரைசல் அவருக்குத் தெரியும். ஆனால் அது டாக்டர் கண் முன்னால் கொடுத்தது. இங்கே அகதி முகாமில், படிப்பில்லாத சொந்தக்காரர்கள் கையில் கொடுத்தால்? அந்தக் காலத்து டாக்டர்கள் பலரும் இதை நம்பவே இல்லை. அவர் துணிந்தார். கல்கத்தாவில் அவர்களுடைய ஆய்வு மையத்தின் நூலக அறையில் உட்கார்ந்து குளூகோஸ், சமையல் உப்பு, சோடா உப்பு மூன்றையும் எடை போட்டு, பிளாஸ்டிக் பைகளில் கொட்டி, சலவைப் பெட்டியால் ஓரத்தைத் தேய்த்து ஒட்டினார்கள். பங்காவுக்குக் கொண்டுபோய், குழாய் வைத்த டிரம்களில் கரைத்து வைத்தார்கள். ஆகிய செலவு லிட்டருக்குப் பதினோரு பைசா.

யார் கொடுத்தது? தாய், தகப்பன், அக்கா, சித்தி. கூட இருந்தவர்கள் குவளையை எடுத்துக்கொண்டு போய்க் குழாயில் பிடித்து வந்து புகட்டினார்கள். அவர்களுக்குச் சொன்னது ஒன்றுதான்: குடிக்கக் குடிக்கக் கொடுத்துக்கொண்டே இருங்கள். முகாம்களில் நூற்றுக்கு முப்பது பேர் செத்துக்கொண்டிருந்த இடத்தில், அவர் பொறுப்பில் இருந்த ஆயிரக்கணக்கானவர்களில் இறந்தவர்கள் நூற்றுக்கு நாலு பேருக்கும் குறைவு. கரைசல் செய்கிற விதத்தைத் துண்டுக் காகிதத்தில் அச்சடித்து எல்லை நெடுகக் கொடுத்தார்கள். வங்காள தேசத்தாரின் ரகசிய வானொலியிலும் சொன்னார்கள்.

அவர் இதை எழுதி அனுப்பியபோது முதலில் ஏற்றுக்கொள்ளவில்லையாம். 1973-ல்தான் அச்சில் வந்தது. 1978-ல் 'லான்செட்' என்கிற பேர்போன மருத்துவப் பத்திரிகையே, இந்த நூற்றாண்டின் மிக முக்கியமான மருத்துவ முன்னேற்றம் இதுவாக இருக்கலாம் என்று எழுதிற்று. டாக்டர் மஹலனோபிஸ் 2022 அக்டோபரில் கல்கத்தாவில் காலமானார். மறு வருஷம் பத்ம விபூஷண் கொடுத்தார்கள். உயிரோடு இருக்கும்போதே கொடுத்திருக்கலாம் என்று எனக்கு ஆதங்கம்தான்.

டாக்டர்களுக்குத் தெரிந்துவிட்டது, சரி. வயல்காட்டு நடுவில் குடிசையில் இருக்கும் பெண்ணுக்கு எப்படித் தெரியும்? அண்ணனைப் பறிகொடுத்த வீட்டில் பிறந்தவளுக்கு இந்தக் கேள்விதான் பெரிய கேள்வி. ஆகவே இனி வருகிற பகுதியை மகளிடம் இரண்டு தரம் சொல்லச் சொன்னேன்.

வங்காள தேசத்தில் ஃபஸ்லே ஹசன் அபேத் என்பவர் ஆரம்பித்த 'பிராக்' என்ற தொண்டு நிறுவனம், 1980-ல் ஒரு வேலையைக் கையில் எடுத்தது. பொட்டலம் எல்லா ஊருக்கும் போய்ச் சேராது. ஆனால் உப்பும் வெல்லமும் இல்லாத வீடு உண்டா? மூன்று விரலால் ஒரு சிட்டிகை உப்பு, கை நிறைய ஒரு பிடி வெல்லம், அரை சேர் தண்ணீர். இதை நாடு முழுக்க ஒவ்வொரு வீட்டுத் தாய்க்கும் நேரில் போய்ச் சொல்லிக் கொடுப்பது. வானொலியில் சொல்லிவிட்டுச் சும்மா இருப்பதில்லை, நேரில், உட்கார்ந்து!

போனது யார்? கொஞ்சம் படித்த பெண்கள். கும்பலாக ஒரு கிராமத்தில் போய்த் தங்குவார்கள். காலையில் கிளம்பி வீடு வீடாக நடப்பார்கள். வாசலில் சப்பணமிட்டு உட்கார்ந்து, அந்த வீட்டுப் பாத்திரத்தையே வாங்கி, அரை சேருக்கு எங்கே வருகிறது என்று அளந்து அடையாளம் போட்டுக் கொடுப்பார்கள். பிறகு, "நீ செய்து காட்டு" என்பார்கள். அவள் கரைத்துக் காட்ட வேண்டும். சொன்னதைத் திருப்பிச் சொல்ல வேண்டும்.

சம்பளம் கொடுத்த விதம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. இத்தனை வீடு போனேன் என்று கணக்குக் காட்டினால் காசு கிடையாது. ஒரு மாதம் கழித்து வேறொருவர் போய், சில வீடுகளைப் பொறுக்கி எடுத்து, "கரைத்துக் காட்டு" என்று கேட்பார். அந்தத் தாய்க்கு எவ்வளவு நினைவிருக்கிறது, கரைத்த நீரில் உப்பு சரியாக இருக்கிறதா என்று பரிசோதித்துப் பார்த்து, அதற்குத் தகுந்த மாதிரிச் சொல்லிக் கொடுத்த பெண்ணுக்குச் சம்பளம். வாத்தியார்களுக்கெல்லாம் இப்படி வைத்தால் எப்படியிருக்கும் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டேன். 

அப்படியும் ஒரு சிக்கல் வந்தது. தாய்மார்கள் பாடத்தை ஒப்பித்தார்கள். ஆனால் குழந்தைக்குப் பேதி வந்தபோது பலர் கரைத்துக் கொடுக்கவில்லை. விசாரித்தால், சொல்லிக் கொடுக்கப் போன பெண்களுக்கே இதில் முழு நம்பிக்கை இல்லையாம்! உப்பும் வெல்லமும் ஒரு மருந்தா என்று அவர்களுக்கே சந்தேகம். உடனே அவர்களுக்கு இது எப்படி வேலை செய்கிறது என்பதை விளங்க வைத்தார்கள், கண்ணால் பார்க்க வைத்தார்கள். அதன் பிறகு அந்தப் பெண்கள் கரைத்த நீரைத் தாங்களும் ஒரு வாய் குடித்துவிட்டுப் பேசினார்கள். இன்னொன்றும் தெரிந்தது. ஆண்களை விட்டுவிட்டார்கள். வீட்டில் புருஷன் "வேண்டாம்" என்று ஒரு சொல் சொன்னால் முடிந்தது. அதனால் சந்தையிலும் பள்ளிவாசலிலும் ஆண்களைக் கூட்டி வைத்துச் சொன்னார்கள். இது மட்டும் எந்த நாட்டிலும் மாறாது போலிருக்கிறது.

பத்து வருஷம் நடந்தார்கள். 1990-ல் முடிக்கும்போது ஒரு கோடியே இருபது லட்சம் வீடுகளுக்கு மேல் போயிருந்தார்கள்.

இதை மகள் சொல்லி முடித்ததும் அம்மா கேட்டாள்: "அந்தப் பொம்பளைங்க நம்ம பக்கம் வரலியா?"

"அது அவங்க நாடு அம்மாச்சி. அதுவும் எம்பதுலதான் ஆரம்பிச்சாங்க."

அம்மா விரல் விட்டு எண்ணினாள். "மூணு வருசம்" என்றாள். அப்புறம் கீரைத் தட்டைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டு ஆய ஆரம்பித்தாள்.

எங்கள் பக்கமும் வரத்தான் வந்தார்கள், கொஞ்சம் தாமதமாக. 2005-ல் இதே மகளுக்குப் பத்து மாதம். பிரசவத்துக்குப் போனவள் நான் அம்மா வீட்டிலேயே தங்கியிருந்தேன். ஒரு நாள் சாயங்காலத்துக்குள் ஏழெட்டுத் தடவை போயிற்று. கிராமத்து நர்சம்மா சைக்கிளை நிறுத்திவிட்டு உள்ளே வந்தார். பையிலிருந்து ஒரு பொட்டலம் எடுத்தார். அம்மா குறுக்கே நின்றாள். "வேணாம்மா, தண்ணி காட்டாதீங்க" என்று கையெடுத்துக் கும்பிட்டாள். நர்சம்மா கோபித்துக்கொள்ளவில்லை. உட்கார்ந்து, அம்மா கையிலேயே கரண்டியைக் கொடுத்து, "நீங்களே குடுங்க பெரியம்மா. ஒரு ஸ்பூன். நூறு எண்ணுங்க. அப்புறம் இன்னொரு ஸ்பூன். வாந்தி எடுத்தா பத்து நிமிசம் பொறுத்துட்டு மறுபடி குடுங்க. தாய்ப்பால மட்டும் நிறுத்தவே நிறுத்தாதீங்க" என்றார்.

ராத்திரி பூரா அம்மா நூறு எண்ணினாள். நான் தூங்கி விழித்துப் பார்க்கும்போதெல்லாம் எண்ணிக்கொண்டுதான் இருந்தாள். விடியற்காலை நாலரை மணிக்கு அம்மாவின் மடி நனைந்தது. பிள்ளை மூத்திரம் போயிருந்தாள். "போயிட்டாடி, போயிட்டா" என்று அம்மா அழுத அழுகையில் பக்கத்து வீட்டுக்காரர்கள் என்னவோ ஏதோ என்று பதறி ஓடி வந்துவிட்டார்கள்!

அந்த நர்சம்மாவுக்கு டாக்கா பற்றியோ பங்காவ் பற்றியோ தெரிந்திருக்குமோ என்னவோ. தெரிந்தால் என்ன, தெரியாவிட்டால் என்ன? அவரைப் போன்றவர்கள் சைக்கிள் மிதித்துத்தான் கணக்கு மாறியது. 1980 வாக்கில் உலகத்தில் வருஷத்துக்கு 46 லட்சம் குழந்தைகள் பேதியில் இறந்தார்கள் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். இப்போது ஐந்து வயதுக்குட்பட்டவர்களில் நாலு லட்சத்து நாற்பதாயிரம் சொச்சம். நல்ல தண்ணீர், கழிப்பறை, அம்மை ஊசி எல்லாம் சேர்ந்துதான் இது நடந்தது. ஆனால் பெரும் பங்கு இந்தக் கரைசலுக்கு. நாலு லட்சமும் குறைந்த கணக்கா என்றால், இல்லை. ஒவ்வொன்றும் ஒரு வீட்டுத் தம்பி.

இப்போது பிறக்கும் குழந்தைகளுக்கு வேறொரு பாதுகாப்பும் உண்டு. குழந்தைகளின் கடும் பேதிக்குப் பெரிய காரணம் ரோட்டா வைரஸ் என்ற கிருமி. 1973-ல் ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் நகரத்து ரூத் பிஷப் என்ற பெண் விஞ்ஞானியும் அவர் குழுவினரும் கண்டுபிடித்தது. தில்லியில் டாக்டர் மகராஜ் கிஷன் பான், இந்தக் கிருமி தொற்றியும் நோய் வராமல் இருந்த பச்சைக் குழந்தைகளைக் கவனித்து, அவர்களிடமிருந்து எடுத்த வைரசைக் கொண்டே தடுப்பு மருந்துக்கு வழி செய்தார். தில்லி, புனே, வேலூர் மூன்று இடங்களிலும் 6,799 குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். வேலூரில் டாக்டர் ககன்தீப் காங் இதே பேதி ஆராய்ச்சியில் பல வருஷம் உழைத்தவர். தன் குழந்தையைச் சோதனைக்குக் கொண்டுவந்து கொடுத்த அந்தத் தாய்மார்களை நினைத்தால் எனக்கு இவர்கள் எல்லோரையும்விட அவர்கள் பெரியவர்களாகத் தெரிகிறார்கள். 2016-லிருந்து அரசாங்கமே இந்தச் சொட்டு மருந்தை இலவசமாகக் கொடுக்க ஆரம்பித்தது. தமிழ்நாட்டுக்கு 2017-ல் வந்தது. ஆறு, பத்து, பதினான்காம் வாரங்களில் கொடுப்பார்கள். தவறாமல் போய்ப் போட்டுக்கொள்ளுங்கள்.

பொட்டலம் கைவசம் இருக்கும்போது பொட்டலம்தான் நல்லது. பெரிய பொட்டலத்துக்குக் காய்ச்சி ஆறிய தண்ணீர் ஒரு லிட்டர். குறைத்து ஊற்றக் கூடாது, பாதிப் பொட்டலத்தைக் கண்ணளவில் போடவும் கூடாது. சின்னப் பொட்டலமாக இருந்தால் அதன் மேல் போட்டிருக்கும் அளவைப் பாருங்கள். கரைத்ததை 24 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்க வேண்டாம். இரண்டு வயதுக்குள் இருக்கும் குழந்தைக்கு ஒவ்வொரு தடவை போன பிறகும் கால் டம்ளரிலிருந்து அரை டம்ளர், கரண்டி கரண்டியாக. பெரிய குழந்தைக்கு அரையிலிருந்து ஒரு டம்ளர். பொட்டலம் கிடைக்காத ராத்திரியில், ஒரு லிட்டர் தண்ணீருக்குத் தலை தட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, தலை தட்டிய அரை டீஸ்பூன் உப்பு. உப்பு ஒரு போதும் கூடிவிடக் கூடாது. தாய்ப்பாலையும் வழக்கமான ஆகாரத்தையும் நிறுத்தாதீர்கள். மலத்தில் ரத்தம் கண்டாலும், குடிக்க முடியாமல் துவண்டு கிடந்தாலும், கொடுத்ததையெல்லாம் வாந்தி எடுத்தாலும், ஆறு மணி நேரமாக மூத்திரம் போகாவிட்டாலும் வீட்டில் வைத்துக்கொண்டு பார்க்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

கடையில் வாங்கும்போது இன்னொரு கவனம் வேண்டும். பழ வாசனையோடு, அட்டைப் பெட்டியில், குடிக்கத் தயாராக விற்கிறார்களே, அந்தத் தித்திப்புப் பானங்கள் பலவற்றிலும் 'ஓ.ஆர்.எஸ்.' என்ற எழுத்தைப் பெரிதாகப் போட்டு வந்தார்கள். சர்க்கரை அளவுக்கு மேல் போனால் குடலுக்குள் நீரை இழுத்துப் பேதியைக் கூட்டிவிடும். ஹைதராபாத்தில் டாக்டர் சிவரஞ்சனி சந்தோஷ் என்ற குழந்தை மருத்துவர் வருஷக் கணக்கில் இதை எதிர்த்துப் போராடினார். 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் அந்த எழுத்துகளைப் பானங்களின் பெயரில் போடக் கூடாது என்று உத்தரவிட்டது. நீங்கள் கேட்டு வாங்க வேண்டியது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு என்று அச்சிட்ட பொடிப் பொட்டலம். அங்கன்வாடியிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் காசில்லாமலே கொடுக்கிறார்கள்.

அங்கேயே துத்தநாக மாத்திரையும் தருவார்கள். இதைப் பலர் வாங்காமல் வந்துவிடுகிறார்கள். டாக்டர் பானும் மற்றவர்களும் தில்லிக் குழந்தைகளிடம் ஆராய்ந்து 1995-ல் வெளியிட்டதில், துத்தநாகம் கொடுத்த குழந்தைகளுக்குப் பேதி சீக்கிரம் குறைவதைக் கண்டார்கள். 2004-லிருந்து உலக சுகாதார நிறுவனமும் யூனிசெஃபும் கரைசலோடு இதையும் சேர்த்துக் கொடுக்கச் சொல்கின்றன. ஆறு மாதத்துக்குள் இருக்கும் குழந்தைக்குத் தினம் பத்து மில்லிகிராம், அதற்கு மேற்பட்ட குழந்தைக்கு இருபது. மாத்திரையை ஒரு கரண்டி தாய்ப்பாலிலோ தண்ணீரிலோ கரைத்துப் புகட்டலாம். பேதி சில நாளிலேயே நின்றுவிடலாம். அதோடு மாத்திரையை எடுத்து அலமாரியில் போட்டுவிடாமல், நர்சம்மா சொன்னபடி பதினான்கு நாளும் கொடுத்து முடித்துவிடுங்கள்.